பழைய ஹெரால்டு எஞ்சினுக்கு இழுவை கூட்ட: குறைந்த செலவில் எதை முதலில் செய்ய வேண்டும்?

தாத்தா வாங்கிய 1966-ஆம் ஆண்டு இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு தக்கலையில் உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்றும், அது ஓடுகிறது, ஆனால் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது இரண்டாம் கியரிலேயே திணறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது; இரட்டை கார்புரேட்டர், திறந்த வகை ஏர் ஃபில்டர், பெரிய சைலன்சர் ஆகிய மூன்றையும் மாட்டினால் வண்டி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் போல ஓடுமா, அல்லது ஸ்பிட்ஃபயர் எஞ்சினையே வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எஞ்சின் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தில் பெரும்பகுதி சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது வால்வுகள் அமர்ந்திருக்கும் எஞ்சினின் மேல்மூடிக்கு, போக வேண்டும், நீங்கள் கேட்ட மூன்று பொருள்களும் அதற்குப் பிறகுதான். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த எஞ்சின் பிறந்த கதை தெரிந்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். 1953-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் தன் ‘எய்ட்’ என்ற சிறிய காருக்காக 803 சி.சி. கொள்ளளவில் செய்ததுதான் இதன் முதல் வடிவம். அதன் பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ.; அந்த ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிலிண்டர் விட்டத்தை 58-இலிருந்து 63 மி.மீ. ஆக்கியபோது 948 சி.சி. வந்தது, 69.3 மி.மீ. ஆக்கியபோது 1147 சி.சி.; 73.7 மி.மீ. ஆக்கியபோது 1296 சி.சி. 1959-இல் அதே நிறுவனம் டிரையம்ஃப் என்ற பெயரில் வெளியிட்ட ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினோடு வந்தது. அந்த ஹெரால்டின் சேஸிஸையே சுருக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கடைசி வரை 948 சி.சி. எஞ்சினோடுதான் வந்தது. ஆகவே உங்கள் கொட்டகையில் நிற்பது ஸ்பிட்ஃபயருக்கு ஒட்டாத அந்நியம் அன்று. ஒரே குடும்பத்தின் மூத்த பிள்ளை.

இப்போது ஓர் ஒப்பீட்டைப் பாருங்கள். 1147 சி.சி. எஞ்சின் ஹெரால்டு 1200 காரில் 39 குதிரைத்திறன் கொடுத்தது. அதே கொள்ளளவு ஸ்பிட்ஃபயரில் 63 கொடுத்தது. இதைப் படிக்கும் பலர், ஸ்பிட்ஃபயரில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இருந்தன, ஆகவே அந்த 24 குதிரைகளும் கார்புரேட்டரிலிருந்தே வந்தன என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் இடையில் 1963-இல் ஹெரால்டு 12/50 என்று ஒரு வண்டி வந்தது. அதே 1147 சி.சி., அதே ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். ஆனால் 51 குதிரைத்திறன். பாதி தூரத்தை இரண்டாவது கார்புரேட்டர் இல்லாமலே கடந்துவிட்டார்கள். அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை, 8.5 ஆக உயர்த்தியதும், எஞ்சின் மூச்சுவிடும் வழியைச் சீர்செய்ததும்தான் அங்கே நடந்த வேலை. அந்த வண்டிக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் 948 எஞ்சின் புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொடுத்தது. ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது அதிகமில்லை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட அரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் திணறும் அளவுக்கு அது மோசமான எஞ்சின் அன்று. அப்படித் திணறினால், அந்த 35-இல் எட்டோ பத்தோ ஏற்கெனவே தொலைந்துபோயிருக்கிறது என்று பொருள். தொலைந்ததைத் திரும்பப் பெறுவதைப் போல் மலிவான வேலை வேறு இல்லை. எனவே ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் இருப்பதை அளக்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்து கம்ப்ரஷன் (உள்ளே எழும் அழுத்தம்) பாருங்கள். நான்கும் பத்து விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது. ஏதாவது ஒன்று தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவது வால்வு. ரிங் போயிருந்தால் உங்கள் பணத்தின் கணக்கே மாறிவிடும்: பிளாக்கைப் போர் செய்து, அதாவது சிலிண்டர்களைச் சற்று அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். போர் செய்வதால் கொள்ளளவு கூடும் என்று சிலர் ஆசைகாட்டுவார்கள். விட்டம் 63-இலிருந்து 64 மி.மீ. ஆனால் 948 சி.சி. 978 ஆகும், மூன்று விழுக்காடு, அவ்வளவுதான். தேய்ந்திருந்தால் மட்டும் போர் செய்யுங்கள்; திறனைக் கூட்டுவதற்காகச் செய்ய வேண்டாம்.

இன்னொரு சோதனை இந்த எஞ்சினுக்கே உரியது. அதைச் செய்யாமல் யாராவது உங்களிடம் மேம்பாடு பற்றிப் பேசினால் அவருக்கு இந்த எஞ்சின் தெரியாது என்று கொள்ளலாம். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்காட் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படி உட்கார்ந்து, கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) முன்முனையில் இருக்கும் புல்லியில் கண்ணை வையுங்கள். உள்ளே ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் அரை வட்டமாக இருக்கும் அந்த மெல்லிய வாஷர்கள்தான் கிராங்க்கின் நீளவாட்டு அசைவைத் தாங்குகின்றன. அசைவு 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். மிகவும் தேய்ந்தால் அவை கழன்று ஆயில் சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். வாஷர் விலை சொற்பம், எஞ்சினை இறக்காமல் சம்ப்பைக் கழற்றியே மாற்றிவிடலாம். இந்தச் சொற்பத்தைக் கவனிக்காமல் ஒரு நல்ல பிளாக் பாழானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன் வலி இன்னும் போகவில்லை.

அடுத்தது தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டரின் தொப்பியையும் ரோட்டரையும் கழற்றிவிட்டு, தண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாக மாறும். எத்தனை முறை 0.4 மி.மீ. வைத்தாலும் டைமிங் நிற்காது. தண்டுக்குப் புஷ் போட்டு, உள்ளேயிருக்கும் சுழல்விசை எடைகளையும் அவற்றின் ஸ்பிரிங்குகளையும் துருநீக்கி, வாக்குவம் டயாஃப்ரம் கிழியாமல் இருக்கிறதா என்று வாயால் உறிஞ்சிச் சோதித்துவிட்டுத்தான், பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அது நல்ல முதலீடு. திறனைக் கூட்டுவதைவிட, வைத்த டைமிங்கை மாறாமல் காக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் பாயிண்ட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் தொப்பியும் உப்புக்காற்றில் பூத்துப்போவது அன்றாடக் காட்சி. தக்கலை சற்று உள்ளே தள்ளி இருந்தாலும் இரண்டு பருவமழையும் பெறும் ஊர் என்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி சூடாகிறது என்று ஒருவர் சொன்னவுடன் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் பக்கத்துப் பழக்கமாகிவிட்டது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய வெப்பத்தை அடைய நேரமாகும், பெட்ரோல் சரியாக ஆவியாகாது, போரும் விரைவில் தேயும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் ரேடியேட்டரைச் சரிசெய்ய வேண்டும்.

இனி ஹெட். இதில்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

ஹெட் வார்ப்பிரும்பு. அதன் வால்வு சீட்டுகள், அதாவது வால்வுகள் மூடும்போது வந்து அமரும் விளிம்புகள், ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. ஈயம் சீட்டின் மீது மெல்லிய படலமாகப் படிந்து எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அரிக்காமல் காத்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நின்றது. அதற்குப் பிறகு இந்த ஹெட்டைத் திறக்கவே இல்லையென்றால், எக்ஸாஸ்ட் வால்வுகள் சீட்டுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். வால்வு இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் இறுகிக்கொண்டே போவது அதன் அறிகுறி. ஆகவே எப்படியும் ஹெட் கழன்றாக வேண்டும்: எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் ரிங் நான்கும், தேய்ந்த கைடுகளுக்குப் பதில் புதியவையும், புதிய எக்ஸாஸ்ட் வால்வுகளும் வேண்டும். இந்தச் செலவு மேம்பாட்டுக்காக ஆவது அன்று, வண்டி நீண்ட நாள் ஓடுவதற்காக ஆவது. ஹெட் மேசைக்கு வந்த பிறகு மேம்பாட்டுக்குக் கூடுதலாக ஆகும் செலவு மிகக் குறைவு. இந்த வேலையை முதலில் செய்யச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சீட் வெட்டும்போது ஒற்றை 45 பாகையோடு நிறுத்தாமல், அதற்கு மேலும் கீழும் வேறு கோணங்களில் வெட்டி, மூன்று கோணச் சீட்டாக்கித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, சீட்டிலிருந்து போர்ட்டுக்குள் (ஹெட்டினுள் காற்றும் புகையும் போகும் வழிக்குள்) இறங்கும் முதல் அரை அங்குலத் தொண்டைப் பகுதியில் வார்ப்பின் விளிம்பும் கட்டர் விட்ட படியும் இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் நகத்தில் தட்டும். அந்தப் படியை மட்டும் கையால் மெதுவாகத் தேய்த்து வளைவாக்கிவிட்டால், இந்த எஞ்சினுக்குப் போர்ட் வேலையில் கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். போர்ட்டைக் குடைந்து அகலமாக்க வேண்டாம். கண்ணாடி போல் பாலிஷ் செய்வதிலும் பயன் இல்லை. போர்ட் அகலமானால் குறைந்த சுழற்சியில் காற்றின் ஓட்டவேகம் தணிந்து, நீங்கள் தேடும் ஏற்ற இழுவைதான் முதலில் போகும். ஹெட்டோடு இணையும் மேனிஃபோல்டு குழாயின் வாய், கேஸ்கட்டின் துளை, ஹெட்டின் வாய் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள்; கேஸ்கட் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் வண்டிகள் எத்தனையோ.

பிறகு அழுத்த விகிதம். “ஹெட்டை ஒரு பாஸ் ஷேவ் பண்ணிக் கொடுங்கள்” என்று லேத்காரரிடம் கொடுத்து, அடிமுகத்தைச் சீவி எடுக்கச் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். அது கணக்கில்லாத வேலை. 60 ஆண்டுகளில் இந்த ஹெட் எத்தனை முறை ஷேவ் ஆகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை ஏற்கெனவே போதுமான அளவு வந்திருக்கும். கணக்கு எளிது. 948 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 237 சி.சி. அழுத்த விகிதம் 8 ஆக இருந்தால், பிஸ்டன் மேல்முனையில் இருக்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 237-ஐ 7-ஆல் வகுத்த அளவு, அதாவது 33.9 சி.சி. விகிதம் 8.5 வேண்டுமென்றால் 31.6, 9 வேண்டுமென்றால் 29.6. ஆக, 8-இலிருந்து 9-க்குப் போக, ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே உள்ள அறையில் நான்கு சி.சி.க்குச் சற்று மேல் குறைத்தால் போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டமாக்குங்கள். அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளையிட்ட தடித்த கண்ணாடித் துண்டை அழுத்தி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சில் மண்ணெண்ணெயை எடுத்து, காற்றுக்குமிழி ஒன்றும் தங்காமல் நிரம்பும் வரை அந்தத் துளை வழியாக விட்டு, எத்தனை மி.லி. போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு அறைகளையும் இப்படி அளந்தால் ஒன்றுக்கொன்று ஒரு சி.சி. வரை வித்தியாசம் இருப்பதைப் பார்ப்பீர்கள்; சிறிய அறையைச் சற்றுத் தேய்த்துப் பெரியதோடு சமமாக்கலாம். இந்த அளவோடு, அழுந்திய கேஸ்கட்டின் இடத்தையும், பிஸ்டன் பிளாக்கின் மேல்முகத்துக்குக் கீழே நிற்கும் இடத்தையும் கூட்ட வேண்டும். கேஸ்கட்டுக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று சி.சி. போகும், அதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் விகிதம் நீங்கள் நினைத்ததற்குக் கீழே நின்றுவிடும்.

எவ்வளவு ஷேவ் செய்ய வேண்டும் என்பதை அறியவும் அதே சிரிஞ்ச் போதும். கண்ணாடியை எடுத்துவிட்டு, அறையில் எவ்வளவு இடம் இருக்க வேண்டுமோ அந்த அளவு மண்ணெண்ணெயை மட்டும் விடுங்கள். அது விளிம்பு வரை வராமல் சற்றுக் கீழே நிற்கும். ஹெட்டின் முகத்திலிருந்து மண்ணெண்ணெய் மட்டம் வரையுள்ள ஆழத்தை வெர்னியரில் அளந்தால் கிடைப்பதே ஷேவ் செய்ய வேண்டிய கனம். அந்த எண்ணைத் தாளில் எழுதி லேத்காரரிடம் கொடுங்கள். ஷேவ் செய்த பிறகு, வால்வைத் திறக்க அழுத்தும் ராக்கர்கள் வால்வின் நுனியில் நடுவாக அழுத்துகின்றனவா என்று பார்த்து, தேவையானால் ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்த வேண்டும்.

உங்கள் வண்டிக்கு 8.5-இல் தொடங்கி 9-க்குள் நிறுத்துங்கள் என்பது என் கருத்து. 1147 சி.சி. ஸ்பிட்ஃபயரே 9-இல்தான் ஓடியது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்பதால் நாக்கிங் (கலவை கட்டுமீறி வெடித்துத் தட்டும் ஓசை) பயம் முன்பிருந்த அளவுக்கு இல்லை. கோட்பாட்டின்படி 8-இலிருந்து 9-க்குப் போனால் மூன்று அல்லது நான்கு விழுக்காடு திறன்தான் கூடும். ஆனால் அது எல்லாச் சுழற்சியிலும் கூடும், மிதித்த நொடியிலேயே தெரியும், பெட்ரோல் செலவையும் குறைக்கும். கசியாத வால்வும், சரியான தொண்டையும், இந்த விகிதமும் சேரும்போது உங்கள் ஏற்றத்தில் கிடைக்கும் வித்தியாசத்தை எந்த ஏர் ஃபில்டரும் தராது.

எத்தனாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. தூய பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 மடங்கு போதும். அதனால் இருபது விழுக்காடு கலந்த எரிபொருளை, தூய பெட்ரோலுக்கு அமைத்த சோலெக்ஸில் ஊற்றினால், கலவை ஏறக்குறைய ஏழு விழுக்காடு மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் எஞ்சின் சூடாகும், மிதிக்கும்போது ஒரு கணம் தயங்கும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சோலெக்ஸ் ஜெட்டின் மீதுள்ள எண் அதன் துளையை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்கிறது. 110 என்றால் 1.10 மி.மீ. பரப்பில் ஏழு விழுக்காடு கூட விட்டம் மூன்றரை விழுக்காடு கூடினால் போதும், அதாவது 110 இருந்த இடத்தில் 115. உங்கள் மெயின் ஜெட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த பெரிய ஜெட்டை வாங்கிப் போடுங்கள். ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைய யாரையும் அனுமதிக்காதீர்கள். துளையின் வாய் வளைவு கெட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவது கட்டாயம். பழைய ரப்பர் ஊறி உதிர்ந்து சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள். ஆகவே மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைப் பாதி காலியாக விட்டு வைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்று பொருள்கள். இரட்டை கார்புரேட்டர் போட்ட 948 ஹெரால்டு கூபே தொடக்கத்திலேயே விற்கப்பட்டது. அதன் திறன் 45 குதிரை அளவு. ஆனால் அந்த எஞ்சினின் அழுத்த விகிதமும் 8.5. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எங்கோ கிடைத்த இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை ஒரு பட்டறையில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். ஐடிலிங் நிற்கவில்லை, லிட்டருக்குக் கிலோமீட்டர் குறைந்துவிட்டது, இழுவையும் போய்விட்டது. இரண்டின் ஊசிகளும் வேறுவேறு எண். த்ராட்டில் தண்டுகள் தேய்ந்து காற்று இழுத்தன. ஹெட்டைத் திறந்தபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் அரைநிலா வடிவில் எரிந்துபோயிருந்தது. கார்புரேட்டருக்கு அவர் கொடுத்த பணத்தில் பாதிக்கு அந்த ஹெட்டை முழுமையாகச் செய்திருக்கலாம். ஹெட் முடிந்து, ஓராண்டு ஓட்டிய பிறகு உங்களுக்கு இன்னும் ஆசையிருந்தால், ஒரே அளவும் ஒரே ஊசியும் உடைய இணையைப் புதிய தண்டுகளோடு, அதற்குரிய மேனிஃபோல்டோடு வாங்குங்கள்.

திறந்த வகை ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றையும் நம் சாலைகளின் தூசியையும்தான் அதிகம் இழுக்கும்; சுத்தமான காகித ஃபில்டர் உங்கள் 948-க்குத் தேவையான காற்றைத் தடையின்றித் தரும். சைலன்சர் துருப்பிடித்து உள்தட்டு கழன்றிருந்தால் மாற்றுங்கள். குழாயின் விட்டத்தைச் சற்றே கூட்டலாம், வளைவுகளை நசுங்காமல் வளைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைத் திறன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாஃப்ட்டை மாற்றுவது பற்றியும் சிலர் சொல்வார்கள். 948 ஹெரால்டின் பின்அச்சு விகிதம் 4.875, டாப் கியரில் 80 கி.மீ. வேகத்திலேயே எஞ்சின் 3,600 சுழற்சிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். திறனின் உச்சத்தை 6,000-க்குத் தள்ளும் காம் போட்டால், தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் நெரிசலில் அந்தச் சுழற்சியை நீங்கள் ஒரு நாளும் தொடப்போவதில்லை. தொட்டாலும் மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் அதை நெடுநாள் தாங்காது. ஃப்ளைவீல் எடையைக் குறைப்பதும் அப்படித்தான். எஞ்சின் இறங்கும் ஒரு நாள் வந்தால் அளவாகக் குறைத்து, கோயம்புத்தூரில் பேலன்ஸ் செய்துகொள்ளலாம், அதற்காகவே இறக்க வேண்டாம். ஆயில் 20டபிள்யூ-50 போதும். ராக்கருக்கு வெளியிலிருந்து கூடுதல் ஆயில் குழாய் விற்பவர்களும் உண்டு. அது கிராங்க் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயிலைத் திருப்பிவிடும் என்பதால் நான் போடுவதில்லை.

ஸ்பிட்ஃபயர் எஞ்சினை வரவழைப்பதில் செலவைவிடச் சட்டம் பெரிய தடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக எஞ்சினை மாற்றுவது பதிவு அதிகாரியின் அனுமதிக்கு உட்பட்டது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு 50 வயது கடந்துவிட்டதால் 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதிகளின்கீழ் பதிவு செய்யலாம். 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் எஞ்சினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் இருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. கிடைத்தாலும் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. நீங்கள் வாரந்தோறும் ஓட்ட விரும்புவதால் இருக்கும் ஆர்.சி.யை முறையாகப் புதுப்பித்துக்கொண்டு, இருக்கும் எஞ்சின் எண்ணோடே தொடர்வதுதான் நல்லது. நான் மேலே சொன்ன ஹெட் வேலை எதுவும் அந்த எண்ணைத் தொடுவதில்லை.

அறுபதாயிரத்தில் பாதியை ஹெட்டுக்கும், ஆறில் ஒரு பங்கைத் தீப்பொறிக்கும் பெட்ரோல் பாதைக்கும் வைத்தால், மீதியை பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். உங்கள் வண்டியின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வீல் சிலிண்டர், ரப்பர் குழாய், லைனிங் எல்லாம் புதிதாகட்டும். அதைவிட முக்கியமாக, ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் இருப்பவை: வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலேட்டரைத் திடீரென்று விட்டால், பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, வண்டியின் வால் வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடி போக வேண்டும். பழைய இழுவையில் இது உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்; கூடிய இழுவையில், மழையில் நனைந்த ரப்பர்த் தோட்டச் சாலையில், கட்டாயம் தெரியவரும். பின்னால் இருக்கும் குறுக்கு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, அளக்காமல் எந்த வேலையும் செய்யாதீர்கள். மட்டமான ஒரு நேர்ச்சாலையைத் தேர்ந்து, டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக மிதித்து 70 தொடும் வரை பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் நேரம் எடுக்கட்டும். போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை. ஆரல்வாய்மொழிப் பக்கம் நல்ல சாலை கிடைக்கும், ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்று உங்கள் 35 குதிரைகளையும் ஏமாற்றிவிடும். அதனால் அதிகாலையில், காற்று அடங்கிய நேரத்தில் போங்கள். பேச்சிப்பாறை ஏற்றத்திலும் ஒரு மைல்கல்லிலிருந்து இன்னொன்று வரை இரண்டாம் கியரில் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். தீப்பொறி வேலை முடிந்ததும் ஒருமுறை, ஹெட் முடிந்ததும் ஒருமுறை, ஜெட் மாற்றியதும் ஒருமுறை என்று அதே ஆட்களோடு, அதே அளவு பெட்ரோலோடு திரும்ப எடுங்கள். முதல் அளவீட்டையும் கம்ப்ரஷன் எண்களையும் இந்த வாரமே, ஹெட்டின் ஒரு நட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், எடுத்து அனுப்புங்கள். போர் செய்ய வேண்டியிருக்குமா இல்லையா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.